இரண்டடித் தொட்டியில் ஓரடி மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டில் வண்ணமீன் வளர்ப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் வளர்க்க இரண்டடித் தொட்டி போதும், மீன் தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் வளரும் என்று அதில் இருந்தது. கடைகளில் பல வருடமாகச் சொல்லப்படும் வாக்குதான். அச்சில் வந்துவிட்டால் அதற்கு ஒரு மதிப்பு கூடிவிடுகிறது என்பதால், பெரிய சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான கடிதம். கணக்கு இருப்பதால் சுருக்க முடியவில்லை.

சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பத்தின் பெயர். நம் ஏரி குளங்களில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும் இந்தக் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அடி நீள ஜிலேபி தராசில் ஏறக்குறைய அரைக் கிலோ நிற்கும் என்பது மீன் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த ஆஸ்கரும் தொட்டியில் சாதாரணமாக 30 செ.மீ. வளர்கிறது. 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்னும் அந்த அளவை எட்டக்கூடியதே. ஆகவே சென்னையில் கொளத்தூர் கடைத்தெருவிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பிளாஸ்டிக் பையில் நம் கைக்கு வரும் இரண்டங்குலக் குஞ்சைப் பார்க்கும்போது, குழம்புக்கு வாங்கும் அரைக் கிலோ ஜிலேபியை நினைத்துக்கொள்வது நல்லது. அதைத்தான் பத்து வருடம், சில சமயம் அதற்கு மேலும், கூடத்தில் வைத்திருக்கப் போகிறோம்.

முதலில் அந்த 'தொட்டி அளவுக்குத்தான் வளரும்' சமாச்சாரம். நெருக்கடியான தொட்டியில் வளர்ச்சி குன்றுவது உண்மை. ஆனால் இடத்தைப் பார்த்து மீன் தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. கழிவு தேங்கிய நீரிலும் திரும்ப இடமில்லாத நெருக்கத்திலும் அது வளர முடியாமல் போகிறது. அப்படி வளர்ந்த மீனைப் பார்த்த உடனே தெரியும்: உடம்பு குட்டை, கண் மட்டும் பெரிது, சில மீன்களுக்கு முதுகு வளைந்திருக்கும். தலையில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் விழும் நோய் ஆஸ்கருக்கு அடிக்கடி வருகிறது. அதற்கு ஒட்டுண்ணி, சத்துக் குறைவு என்று பல காரணம் சொல்வார்கள். எப்படியானாலும், நீர் கெட்ட தொட்டிகளில்தான் அது அதிகம். நல்ல தீனியும் நல்ல நீரும் கிடைத்தால் ஆஸ்கர் குஞ்சு முதல் சில மாதங்களில் மாதத்துக்கு ஓர் அங்குலம் வரை கூடும். அந்தக் கணக்கில் இரண்டடித் தொட்டி மூன்று மாதத்துக்குத் தாங்கும். 'பிறகு பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்' என்று தொடங்குகிறவர்களில் பலரிடம் அந்தப் பிறகு வருவதே இல்லை.

அடுத்தது அங்குலக் கணக்கு. ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன், அதாவது 4 லிட்டரை ஒட்டி, தண்ணீர் போதும் என்பார்கள். அது நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களுக்காகப் பிறந்த விதி. மீனின் எடை நீளத்தோடு நேராக ஏறுவதில்லை. நீளம் பத்து மடங்கானால் உயரமும் பருமனும் கூடவே பத்து மடங்காகும். எடை ஆயிரம் மடங்காகும். 3 செ.மீ. மீன் பத்தை வரிசையாக வைத்தாலும் 30 செ.மீ. வரும், ஓர் ஆஸ்கரும் 30 செ.மீ. வரும். ஆனால் உடலமைப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டால் அந்த ஒற்றை மீனின் எடை, பத்துப் பொடி மீன்களின் மொத்த எடையைப் போல நூறு மடங்கு. தின்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தது. பெரிய சிக்லிட் விஷயத்தில் இந்த விதியை மறந்துவிடுவதே நல்லது.

கழிவையே எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோ மீனுக்கு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு, 5 கிராம் பெல்லட் தீனி என்று வையுங்கள். 40 சதவீதம் புரதமுள்ள தீனி. மீன்பண்ணைகளில் வழங்கும் தோராயக் கணக்குப்படி அதிலிருந்து நாளொன்றுக்கு 0.18 கிராம் அளவுக்கு அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும். இனி தொட்டியைப் பாருங்கள். 2×1×1 அடித் தொட்டியின் வெளி அளவுக் கொள்ளளவு 57 லிட்டர். கண்ணாடித் தடிமனையும் மேலே விடும் இரண்டங்குல இடைவெளியையும் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர். ஒரே நாளில் அம்மோனியா 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம், ஏறிவிடும். அதே மீன் 200 லிட்டரில் இருந்தால் 0.9 பிபிஎம், 600 லிட்டரில் 0.3 பிபிஎம். பழகிய ஃபில்டர், அதாவது அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா குடியேறிய ஃபில்டர், இதை நைட்ரேட்டாக மாற்றிவிடும்தான். ஆனால் ஒரு நாள் மின்வெட்டில் ஃபில்டர் நின்றாலோ, பஞ்சைக் குழாயடியில் குளோரின் தண்ணீரில் கசக்கிக் கழுவி அதிலுள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிட்டாலோ, 45 லிட்டரில் மறுநாள் காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். 600 லிட்டரில் இருந்தால் நமக்கு இரண்டு நாள் அவகாசம் உண்டு.

இதில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மோனியாவின் நச்சுத்தன்மை நீரின் பிஎச் அளவோடும், அதாவது காரத்தன்மையோடும், வெப்பத்தோடும் ஏறும். 28 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 6 சதவீதத்துக்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீர் கடினமாகவும் பிஎச் 8-ஐ ஒட்டியும் இருக்கும் பகுதிகளில், மென்நீர் உள்ள வேறு நாட்டுக்காரர் 'சமாளிக்கலாம்' என்று சொன்ன சின்னத் தொட்டி சமாளிக்காது. கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் பிடிக்கும் நீர், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் பிடிக்கும்.

அம்மோனியா நைட்ரேட்டாக மாறிய பிறகு அதை வெளியேற்ற, தண்ணீர் மாற்றுவது ஒன்றே நடைமுறை வழி. மேலே சொன்ன 5 கிராம் தீனிக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் நைட்ரேட் சேரும். 200 லிட்டரில் அது வாரத்துக்கு 28 பிபிஎம். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினாலும், சில வாரங்களில் மாற்றுவதற்கு முன் 56, மாற்றிய பின் 28 என்ற நிலைக்கு வந்து நிற்கும். நாங்கள் 40-க்குக் கீழே வைத்திருக்கப் பார்க்கிறோம். அதனால்தான் சுமார் 200 லிட்டர் நிற்கும் நாலடித் தொட்டியில் வளர்ந்த ஆஸ்கருக்குத் தீனியை 3, 4 கிராமாகக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடச் சொல்கிறோம். 600 லிட்டரில் அதே மீனுக்கு வாரம் முப்பது சதவீதம் மாற்றினாலே 32-ஐத் தாண்டாது. இரண்டடித் தொட்டியிலோ வாராவாரம் பாதி மாற்றினாலும் 250-ல் போய் நிற்கும். தொட்டியின் கண்ணாடி பளிங்குபோல இருக்கும், தண்ணீரும் தெளிந்தே இருக்கும். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

லிட்டரை விட முக்கியமானது வடிவம். இந்த இடத்தில்தான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். சுவரோடு ஒட்டி அழகாக நிற்கும் என்று 4 அடி நீளம், 1 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒல்லியான தொட்டி செய்யச் சொல்வார்கள். அதற்குப் பக்கத்தில் 4×1.5×1.5 அடித் தொட்டியை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒல்லித் தொட்டியின் கொள்ளளவு 8 கன அடி, மற்றதன் கொள்ளளவு 9 கன அடி. கண்ணாடி எவ்வளவு போகும்? ஒல்லித் தொட்டிக்கு முன்னும் பின்னும் 16, பக்கங்கள் 4, அடிக்கண்ணாடி 4. மொத்தம் 24 சதுர அடி. மற்றதற்கு 12, 4.5, 6, மொத்தம் 22.5 சதுர அடி. அதாவது கண்ணாடி கூடுதலாகப் போகிறது, தண்ணீர் குறைவாகப் பிடிக்கிறது. ஆக்சிஜன் கரையும் மேற்பரப்பு ஒன்றில் 4 சதுர அடி, மற்றொன்றில் 6.

அதோடு முடியவில்லை. தொட்டிக் கண்ணாடியின் மேல் நீர் தரும் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. நாலடி நீள முன்கண்ணாடியை, தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தால், ஒன்றரை அடி உயரத்தில் மொத்தம் 125 கிலோ அளவு விசை வெளியே தள்ளும். உயரத்தை 2 அடியாக்கினால் அது 225 கிலோ. ஒன்றரை அடி உயரத்துக்கு 8 எம்எம் கண்ணாடி போதும், 10 எம்எம் போட்டால் நிம்மதி. இரண்டடி உயரம் என்றால் 12 எம்எம் வேண்டும். உயரத்தில் அரையடி கூட்டியதற்காகத் தொட்டியின் எல்லாக் கண்ணாடியும் தடிமனாகிவிடுகிறது. அந்தப் பணத்தை அகலத்தில் போட்டால் மீனுக்கு உதவும்.

அகலம் எதற்கு? மீன் திரும்புவதற்கு. ஓரடி அகலத் தொட்டியில் கண்ணாடி போக உள்ளே பதினொன்றரை அங்குலம் இருக்கும். பன்னிரண்டு அங்குல மீன் அதில் குறுக்கே நிற்கக்கூட முடியாது. ஒவ்வொரு முறையும் உடம்பை வளைத்து, மூக்கையும் வாலையும் கண்ணாடியில் உரசித்தான் திரும்பும். வால் நுனி தேய்ந்து வெள்ளையாகும், உதட்டில் புண் வரும், அதன் மேல் பூஞ்சை பிடிக்கும். அதற்கு மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அகலம் வளர்ந்த மீனின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு, நீளம் நான்கு மடங்கு என்பதை நாங்கள் குறைந்தபட்சமாகக் கொள்கிறோம். உயரம் ஒன்றரை அடி இருந்தால் பெரும்பாலான சிக்லிட்களுக்குப் போதும்.

இதைச் சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. படித்து முடித்த நாளிதழில் ஒரு தாளை எடுத்து 12 அங்குல நீளத்துக்கு மீன் வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் சாக்பீஸால் 2×1 அடிக்கு ஒரு கட்டமும், 4×1.5 அடிக்கு ஒரு கட்டமும் போடுங்கள். தாள் மீனை இரண்டு கட்டத்திலும் நகர்த்தித் திருப்பிப் பாருங்கள். மூலையில் உள் ஃபில்டர் வைப்பதாக இருந்தால் அதற்கும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

இனி மீன்வாரியாக. வெளி அளவுகள்தான், அடிக் கணக்கில்: நீளம், அகலம், உயரம் என்ற வரிசையில்.

ஒற்றை ஆஸ்கருக்கு 4×1.5×1.5 குறைந்தபட்சம், 4×2×1.5 கிடைத்தால் அதுவே. இரண்டு ஆஸ்கர் என்றால் 6×2×2. ஒற்றை ஃப்ளவர்ஹார்னை 3×1.5×1.5-ல் வைத்திருப்பவர்கள் உண்டு, நாலடி தேவலை. அதோடு வேறு மீன் எதையும் போடக் கூடாது. 1980-களில் தைவானில் உருவான பேரட் மீன் 20 செ.மீ.-ஐ ஒட்டி நின்றுவிடும். நாலடித் தொட்டியில் மூன்று விடலாம். கிரீன் டெரர், ஜாக் டெம்ப்சி இரண்டும் 20 முதல் 25 செ.மீ. வரை போகும், ஒற்றையாக நாலடி. மத்திய அமெரிக்காவின் ரெட் டெவிலும் மைடாஸும் ஓரடியைத் தாண்டும், கோபக்கார மீன்கள். ஒன்றுக்கு நாலடி, 2 அடி அகலத்தோடு. ஜாகுவார் 40 செ.மீ.-ஐயும் தாண்டும் என்பதால் ஒற்றை மீனுக்கே ஆறடித் தொட்டி. டோவியும் பீகாக் பாஸும் இரண்டடி வரை வளரக்கூடியவை. எட்டடி நீளம், மூன்றடி அகலத்துக்கு இடமில்லாத வீட்டில் அவற்றை நினைக்கவே வேண்டாம். குஞ்சு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். 'ஒன்று தனியாக இருந்தால் பாவம்' என்று ஜோடி வாங்குவது நம் பழக்கம். குஞ்சாக வாங்கும் இரண்டு, ஜோடியாக அமையும் என்று உறுதியில்லை. அமைந்தாலும் சிக்கல்தான்: முட்டையிட்ட பிறகு நாலடித் தொட்டி முழுவதும் தங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளும். தோற்ற மீன் ஓட ஆற்றில் இடம் உண்டு. தொட்டியில் மூலைதான் உண்டு. நீர்மட்டத்துக்கு அடியில், ஹீட்டர் குழாய்க்குப் பின்னால், செங்குத்தாக ஒட்டி நிற்கும் மீனைப் பார்த்தால் அது ஓய்வெடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அன்றே நடுவில் ஓட்டையிட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டடிதான் மிஞ்சும் என்பதை வாங்கும்போதே நினைத்துக்கொள்வது நல்லது.

கொள்ளளவைக் கணக்கிடும் முறை எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 4×1.5×1.5 தொட்டிக்கு 255 வரும். ஆனால் மருந்து போடும்போது அந்த 255-ஐ வைத்துக்கொள்ளாதீர்கள். 8 எம்எம் கண்ணாடியில் உள் நீளம் 120 செ.மீ., உள் அகலம் 44 செ.மீ.; மீன் துள்ளி வெளியே விழாமல் இருக்க மேலே இரண்டங்குலம் விட்டால் நீர் ஆழம் 40 செ.மீ. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 211 லிட்டர். கீழே ஓர் அங்குலம் சரளை போட்டால் இன்னும் 8 லிட்டர் போகும். 200 சொச்சம்தான் நிஜம். 255 என்று நினைத்து மருந்து ஊற்றினால் நாலில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடும். செம்பு கலந்த மருந்துகளில் அது ஆபத்து.

சரளை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பெரிய சிக்லிட்கள் மண்வெட்டி இல்லாமலே பள்ளம் தோண்டுபவை. கல்லைச் சரளையின் மேல் அடுக்கினால் ஓர் இரவில் அடியைத் தோண்டிச் சாய்த்துவிடும். அடிக்கண்ணாடி உடைவது பெரும்பாலும் இப்படித்தான். கல்லை முதலில் அடிக்கண்ணாடியின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு உட்கார வைத்துவிட்டு, சுற்றிலும் சரளையைக் கொட்டுங்கள். கல் தின்னும் இடமும் நீந்தும் இடத்திலிருந்துதான் போகிறது. ஒன்றோ இரண்டோ போதும்.

ஃபில்டர், ஒரு மணி நேரத்துக்குத் தொட்டி நீரைப் போல 6 முதல் 10 மடங்கு சுற்ற வேண்டும். 200 லிட்டருக்கு 1200 முதல் 2000 லிட்டர். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் எண் தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்தது. ஸ்டாண்டுக்குக் கீழே சம்ப், அதாவது தனி ஃபில்டர் தொட்டி, வைத்து நாலடி உயரம் ஏற்றினால் பாதிதான் வரும், சில பம்ப்பில் அதுவும் வராது. சம்ப் வைத்தால் மொத்தத் தண்ணீர் கூடும், கழிவு நீர்த்துப்போகும். ஆனால் மீன் நீந்தும் இடம் ஓர் அங்குலமும் கூடாது. சம்ப் இருக்கிறது என்று சொல்லி மேல்தொட்டியைச் சுருக்குவது கணக்காகாது. மின்சாரம் போனதும் மேலிருந்து கீழே வடியும் நீருக்கும் சம்ப்பில் இடம் வேண்டும். நாலடித் தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 5.3 லிட்டர் கீழே வரும். 3 செ.மீ. இறங்கினால் ஒரு வாளி. சம்ப்பை விளிம்பு வரை நிரப்பி வைத்தவர் வீட்டில் முதல் மின்வெட்டு அன்று கூடம் நனையும்.

எடை பற்றி வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. நாலடித் தொட்டியில் தண்ணீர் 200 சொச்சம், கண்ணாடி 45, ஸ்டாண்ட் 30, சரளை என்று கூட்டினால் 300 கிலோ. 6×2×2 தொட்டி 800 கிலோவைத் தொடும். வீட்டு அறைகளின் தளத்தை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பாரத்துக்கு வடிவமைப்பதே இந்தியத் தரவிதி. ஆறடித் தொட்டி தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 700 கிலோ தருகிறது. அதனால் இடிந்துவிடும் என்று பொருளல்ல, மொத்த அறைக்கும் பாரம் பரவும். ஆனால் மாடி வீடு என்றால் அறை நடுவில் வைக்காமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். ஆறடிக்கு மேல் போனால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும். லிஃப்ட் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்த பிறகே தொட்டிக்கு ஆர்டர் கொடுங்கள். ஆறடித் தொட்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு விழிப்பது வேடிக்கையாக இருக்கும், அடுத்தவர் வீட்டில் நடந்தால்.

ஸ்டாண்டை இடத்தில் வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நம் வீட்டுத் தரைகள் தண்ணீர் வடிவதற்காக லேசான சாய்வோடு போடப்பட்டிருக்கும். ஸ்டாண்டின் மேல் 18 எம்எம் பிளைவுட், அதன் மேல் 10 எம்எம் தெர்மாகோல், அதற்கு மேல் தொட்டி. முதலில் நாலங்குலம் தண்ணீர் நிரப்பி, இரு கோடியிலும் மட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3, 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் வடித்துவிட்டு ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தகடு கொடுங்கள். தொட்டியைத் தூக்கி அதன் அடியில் அட்டையைச் செருகக் கூடாது, கண்ணாடி அங்கேயே விரியும். புதிதாக ஒட்டிய தொட்டி என்றால் சிலிக்கானின் வினிகர் வாடை முற்றிலும் போகும்வரை, ஒரு வாரம் காய விடுங்கள். பிறகு நிரப்பி இரண்டு நாள் வைத்து, நாலு மூலையிலும் டிஷ்யூ தாள் ஒற்றிப் பாருங்கள். நாலடிக்கு மேல் உள்ள தொட்டிக்கு மேல்விளிம்பில் நீளவாக்கில் கண்ணாடிப் பட்டையும், நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். செலவைக் குறைக்க முதலில் விடுவது அதைத்தான். பட்டை இல்லாத தொட்டியின் முன்பக்கம் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நடுவில் கண்ணாடி வெளியே பிதுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

தண்ணீர்ச் செலவையும் முன்பே யோசிக்க வேண்டும். நாலடித் தொட்டிக்கு வாரம் 100 லிட்டர், ஏழு வாளி. ஆறடிக்கு 180, பன்னிரண்டு வாளி. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இது சின்ன விஷயமில்லை. கழிவு நீர் செடிக்கு நல்ல உரம் என்பது ஓர் ஆறுதல். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்; ஹைப்போகுளோரைட் அல்ல), 100 லிட்டருக்கு ஒரு கிராம், கரைத்துவிட்டு ஊற்றுங்கள். மே மாதம் மதியத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். அதிகாலையில் மாற்றுவது நல்லது. வாரம் ஏழு வாளி முடியாது என்பவர்கள் தொட்டியைச் சின்னதாக்கிப் பயனில்லை. மீனைச் சின்னதாக்க வேண்டும். ஒரு ஜோடி கப்பி, ஒரு கூட்டம் டெட்ரா என்று இரண்டடித் தொட்டியை அழகாக வைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் 'வளர்ந்தால் இவ்வளவு நீளம், குறைந்தது இவ்வளவு தொட்டி' என்று இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள். நாலடித் தொட்டி விற்றால் உங்களுக்கும் லாபம்தானே. வாங்குகிறவர்கள், 'அண்ணே, இது எவ்வளவு பெருசா வரும்?' என்று கேட்டுவிட்டு, முடிந்தால் அதே கடையில் வளர்ந்த மீன் ஒன்றைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே இரண்டடித் தொட்டியில் எட்டங்குல ஆஸ்கர் இருக்கிறது, இதைப் படித்ததும் என்ன செய்வது என்பவர்களுக்கு: இன்றிலிருந்து தீனியைப் பாதியாக்குங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நெடுநாள் மாற்றாமல் இருந்திருந்தால் ஒரேயடியாக முக்கால் பங்கு மாற்றினால் மீனுக்கு அதிர்ச்சியாகும், முதல் வாரம் பத்துப் பத்து சதவீதமாகப் போங்கள். சரளையையும் அலங்காரப் பொம்மைகளையும் எடுத்துவிட்டால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பெரிய தொட்டி வந்ததும் பழைய ஃபில்டர் பஞ்சைக் கழுவாமல் அப்படியே அதில் போடுங்கள். இல்லையென்றால் புதுத் தொட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை அம்மோனியா ஏறி இறங்கும். பெரிய தொட்டிக்கு வழியே இல்லை என்றால், மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையிடமோ, இடமுள்ள வளர்ப்பாளரிடமோ கொடுத்துவிடுங்கள். ஏரியில் விட வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கால்வாய்களில் ஆஸ்கர் இன்று ஊர் மீன்போலப் பெருகிக் கிடக்கிறது. நம் ஏரிகளில் ஜிலேபி செய்துவைத்த வேலையே போதும்.

கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். அந்த அளவு மீனின் முதுகு முள் பையைக் கிழித்துவிடும். மூடி உள்ள 20 லிட்டர் வாளியில் பாதித் தண்ணீர், மூடியில் நாலைந்து துளை, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். முந்தின நாள் தீனி வேண்டாம்.

இப்படிக்கு,
பெரிய சிக்லிட் வளர்ப்போர் சிலர்,
சென்னை.